மாமா, பெருக்கின்னா என்னா?

தை மாதப் பௌர்ணமி ராத்திரி. செங்கம் ரோட்டில் ஜனம் நடந்துகொண்டே இருந்தது. எங்கள் ஜெராக்ஸ் கடைக்குப் பௌர்ணமி அன்று வியாபாரம் கிடையாது. மலை சுற்ற வருகிறவருக்கு நடுராத்திரியில் ரேஷன் கார்டு நகல் எதற்கு? ஆனாலும் கடையை மூட மாட்டோம். பக்கத்து டீக்கடை அண்ணன் எங்கள் வாசலில் இரண்டாவது ஸ்டவ் போடுவார். அதற்கு வாடகை, விடிய விடிய எங்களுக்கு டீ.

அன்றைக்கு அக்கா மகளும் கடையில்தான் இருந்தாள். பிளஸ் டூ, காமர்ஸ் குரூப், தமிழ் மீடியம். வீட்டில் படிக்க இடமில்லை. திருவண்ணாமலையில் வீடு உள்ளவர்களுக்கு இது தெரியும். ஆறு மாதமாகப் போன் பண்ணாத ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்குக்கூடப் பௌர்ணமிக்கு நம் ஞாபகம் வந்துவிடும். கூடத்தில் பதினோரு பேர் படுத்திருந்தார்கள். அவள் பொருளியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள். பிரிண்டர் மேல் புத்தகத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். முதலீட்டு மாற்றம், வருமான மாற்றம், விகிதம் என்று ஒரு சொல் பிசகவில்லை. மூச்சுவிடாமல் முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து கேட்டாள்.

"மாமா, பெருக்கின்னா என்னா?"

இப்போதுதானே சொன்னாய் என்றேன். "அது ஆன்சர். நான் கேக்குறது, அப்படின்னா என்னா?"

நான் பி.ஏ. பொருளியல் படித்தவன். படித்து முடித்து இத்தனை வருஷத்தில் இப்படி ஒருவர் என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை. கையைக் காட்டினேன். வாசலில் ராணிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பம் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு நூறு ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த நூறு நேற்று வரைக்கும் நம் ஊரில் இல்லை, வெளியிலிருந்து வந்தது. டீக்கடை அண்ணன் அதில் இருபதைப் பெட்டியில் போட்டுவிட்டு எண்பதைச் செலவு செய்கிறார் என்று வைத்துக்கொள். எண்பதும் பால்காரருக்குப் போகிறது. இப்போது எண்பது அவருடைய வருமானம். அவரும் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்துவிட்டு அறுபத்து நான்கை மளிகைக் கடையில் கொடுக்கிறார். மளிகைக்காரர் ஐம்பத்தொரு ரூபாய் இருபது காசை இன்னொருவரிடம். இப்படி ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தங்கித் தங்கி, தேய்ந்து தேய்ந்து போகிற அந்த வரிசையைக் கூட்டினால் மொத்தம் ஐநூறு வரும். வந்தது நூறு, ஊருக்கு உண்டான வருமானம் ஐநூறு. அந்த ஐந்துதான் பெருக்கி. கூடுதலாகக் கிடைக்கும் ஒரு ரூபாயில் எண்பது பைசாவைச் செலவழிக்கிற பழக்கம் இருக்கிறதே, அதற்குப் பெயர் இறுதிநிலை நுகர்வு விருப்பு, 0.8. ஒன்றிலிருந்து அதைக் கழித்து, கிடைக்கிற 0.2-ஆல் ஒன்றை வகு. ஐந்து.

அவள் நோட்டில் போட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து, டீ ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் வாயைத் திறந்தார்.

"எண்பது எங்க தம்பி செலவு பண்றேன்? நூறு வந்தா நாப்பது தண்டலுக்கே போயிடுது. ஸ்டவ் வாங்குன கடன்."

எங்கள் பக்கத்தில் தினக் கடனுக்குத் தண்டல் என்று பெயர். காலையில் வாங்கினால் சாயங்காலம் வண்டியில் வசூலுக்கு ஆள் வந்து நிற்கும். அண்ணன் மேலும் அடுக்கினார். பேப்பர் கப் வெளியூர், டீத்தூள் வெளியூர், பன் மட்டும்தான் நம் ஊர். என் ஐந்து உடைந்துபோனது. அக்கா மகள் புத்தகத்தைப் புரட்டினாள், நிமிர்ந்தாள், கத்தினாள்.

"மாமா! இது புக்லயே இருக்கு!"

இருந்தது. பெருக்கியில் ஏற்படும் கசிவுகள் என்று ஒரு பகுதி. பழைய கடனை அடைப்பது ஒரு கசிவு. இறக்குமதி ஒரு கசிவு. ஏற்கெனவே இருக்கும் சொத்தை வாங்குவது இன்னொரு கசிவு. அவள் அதைக் காலாண்டுக்கும் மனப்பாடம் செய்திருக்கிறாள், அரையாண்டுக்கும் செய்திருக்கிறாள். ஆனால் கசிவு என்றால் தண்டல்காரர் என்று அவளுக்குத் தெரிந்தது அந்த ராத்திரி பதினொன்றே கால் மணிக்கு. நூறில் ஐம்பதுதான் ஊருக்குள் மறுபடி செலவாகிறது என்றால் பெருக்கி வெறும் இரண்டு. அதையும் அவளே போட்டாள்.

பிறகு நான் கொஞ்சம் பின்கதை சொன்னேன். 1929-இல் தொடங்கிய பெருமந்தம், அதில் வேலை இல்லாமல் வரிசையில் நின்ற மனிதர்கள், 1931-இல் கேம்பிரிட்ஜில் கான் எழுதிய கட்டுரை, அதை எடுத்துக்கொண்டு 1936-இல் கீன்ஸ் எழுதிய பொதுக் கோட்பாடு. யார் முதலில் சொன்னது என்று ஒரு மதிப்பெண் கேள்வியாக வரலாம், கீன்ஸ் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதே, ஆர்.எஃப். கான் என்றேன். அவளுக்கு அதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

இங்கே என் கதையையும் சொல்லிவிட வேண்டும். நான் பிளஸ் டூ எழுதியது 1998-இல். அப்போது பாடத்துக்கு 200 மதிப்பெண். எனக்கு நோய் நேர் எதிர். வேலையின்மை பற்றிய கட்டுரைக் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதினேன். கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் தேரடி வீதி எப்படி வெறிச்சென்று கிடக்கும், பொரி உருண்டை விற்றவர் அடுத்த மாதம் என்ன செய்வார், எல்லாம் உருகி உருகி எழுதினேன். அதில் பருவகால வேலையின்மை என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. அதே பாணியில் அரையாண்டிலும் எழுதியிருந்தேன். விடைத்தாளைக் கொடுக்கும்போது வாத்தியார் சொன்னார்: "கதை நல்லா இருக்கு. பதில் எங்கடா?" திருந்தவில்லை. பொதுத் தேர்வில் 91 வந்தது. எழுபது எடுத்தால் பாஸ் என்ற காலம், அதனால் தப்பித்தேன்.

ஆக எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை, இரண்டு கோளாறு. எனக்குப் பொருள் தெரிந்தது, பெயர் வாயில் வரவில்லை. அவளுக்குப் பெயர் தண்ணீர்பட்ட பாடு, பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஒவ்வொரு பாடத்துக்கும் முதலில் ஊரில் போய்ப் பார்ப்பது, பிறகு புத்தகத்தின் பெயரைச் சூட்டுவது. விடைத்தாளில் புத்தகத்தின் பெயர்தான் முதல் வரியில் வர வேண்டும். ஊர் இரண்டாவது வரியில் வந்தால் போதும், அதுவும் இடமிருந்தால்.

வேலையின்மை பாடத்தில் வந்தது வினை. வகைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பருவகாலம் என்றால் தீபம், பௌர்ணமி, அது சுலபம். தொழில்நுட்ப வேலையின்மைக்கு எங்கள் கடையே சாட்சி. இது முன்பு எஸ்.டி.டி. பூத். ராத்திரியானால் கட்டணம் குறையும் என்று வரிசையில் நின்ற காலம். எதிரே பக்திப் பாட்டுக் கேசட் கடை. செல்போன் வந்து இரண்டையும் சாப்பிட்டது. நாங்கள் ஜெராக்ஸ் மிஷின் வாங்கினோம், கேசட் கடைக்காரர் ஊரைவிட்டே போய்விட்டார். அடுத்தது மறைமுக வேலையின்மை. இரண்டு பேர் செய்கிற வேலையை மூன்று பேர் செய்தால், மூன்றாவது ஆளை எடுத்துவிட்டாலும் உற்பத்தி குறையாது. அவருடைய இறுதிநிலை உற்பத்தித்திறன் பூஜ்ஜியம்.

அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். மிஷினில் நான். கம்ப்யூட்டரில் தம்பி. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் எழுபத்திரண்டு வயது அப்பா.

"அப்போ தாத்தா?"

சிரித்துத் தொலைத்தேன். அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் கடைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

அந்த இரண்டு நாளில் நாங்கள் கண்டுபிடித்தவை: சில்லறை என்பது தானாகக் கல்லாவில் விளைவதில்லை, அப்பா தினமும் காலையில் பூக்காரம்மாவிடம் மாற்றிக்கொண்டு வருவார். பத்திர நகல் எடுக்க வருகிற பெரியவர்கள் எங்களுக்காக வருவதில்லை, அப்பாவோடு பேச வருகிறார்கள், பேச்சுக்கு நடுவே நகல். யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு எந்த நோட்டிலும் இல்லை, அது அவர் தலையில் இருக்கிறது. இரண்டாம் நாள் சாயங்காலம் நானும் அவளும் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டோம். "பூஜ்ஜியத்தைக் கூட்டிக்கினு போய் என்னா பண்ணப் போறீங்க?" என்றார். மெதுவடை வாங்கிக் கொடுத்துத்தான் சமாதானம் செய்ய முடிந்தது.

வரும் வழியில் அவள் கேட்டாள், அப்போ புக்ல போட்டது தப்பா மாமா என்று. தப்பில்லை, அளக்கத் தெரியாதவன் அளந்தால் எல்லோரும் பூஜ்ஜியமாகத்தான் தெரிவார்கள் என்றேன். ஆனால் பரீட்சையில் கேட்டால் பூஜ்ஜியம் என்றே எழுது. தாத்தாவைப் பற்றி எழுதாதே.

இப்போது பரீட்சையின் கணக்கு. இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கும், அதைவிட முக்கியமாகப் பெற்றோருக்கும். எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. ஒரு மதிப்பெண் இருபது. இரண்டு மதிப்பெண் பத்தில் ஏழு, மூன்று மதிப்பெண் பத்தில் ஏழு. இந்த இரண்டு பகுதியிலும் கடைசிக் கேள்வி, அதாவது 30-ஆவதும் 40-ஆவதும், கட்டாயம். ஐந்து மதிப்பெண் ஏழு, ஒவ்வொன்றுக்கும் ஒரு 'அல்லது' உண்டு. மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிஷம். நாங்கள் போட்ட கணக்குப்படி ஒரு மதிப்பெண் பகுதிக்குப் பதினைந்து நிமிஷம். ஐந்து மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் பதினைந்து, ஏழுக்கு நூற்றைந்து. இரண்டு மதிப்பெண்ணுக்கு மூன்று நிமிஷம், மூன்று மதிப்பெண்ணுக்கு ஐந்து. கூட்டினால் 176. மிச்சம் நான்கு நிமிஷம், தாளைக் கட்டுவதற்கு. கடிகாரம் வைத்து நான்கு தடவை எழுதிப் பார்த்தாள். முதல் தடவை இரண்டு ஐந்து மதிப்பெண்கள் எழுதவே நேரமில்லாமல் போய்விட்டன.

ஒரு மதிப்பெண்ணில் குறியீட்டை மட்டும் எழுதிவிட்டு வருகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஆ என்று எழுதினால் போதாது, விடையையும் சேர்த்து எழுதச் சொல்லித்தான் வினாத்தாளிலேயே போட்டிருக்கிறது. வரைபடம் போட்டால் இரண்டு அச்சுக்கும் பெயர் எழுதுங்கள். பெயரில்லாத படம் வெறும் கோடு. கட்டாயக் கேள்வியை முதலில் எழுதிவிடுங்கள், கடைசிக்கு வைத்தால் மறந்துபோகும்.

அப்புறம் இந்த 'முக்கிய வினா' சமாசாரம். மாசி பிறந்தால் எங்கள் கடையில் அறுவடைக் காலம். வாட்ஸப்பில் வந்த முப்பத்திரண்டு பக்கத்தை நீட்டி, இது கண்டிப்பா வருமாம் அண்ணா, முன்பின் போட்டுக் கொடுங்க என்பார்கள். போட்டுக் கொடுக்கிறேன், என் பிழைப்பு அது. போன வருஷம் ஐந்து பேர் கொண்டுவந்த ஐந்து பட்டியலையும் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். முழுப் புத்தகமும் வந்துவிட்டது. அதற்குப் புத்தகத்தையே படிக்கலாம். பாடம் மொத்தமே பன்னிரண்டுதான். ஒவ்வொன்றின் முடிவிலும் இருக்கும் கேள்விகளை முழுசாக முடித்தவர் தோற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தேசிய வருவாய்ப் பாடத்தை நாங்கள் போண்டாவில் முடித்தோம். விவசாயி நாற்பது ரூபாய்க்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்கிறார். செக்குக்காரர் அதை ஆட்டி எழுபது ரூபாய்க்கு எண்ணெய் விற்கிறார். போண்டாக்காரர் அந்த எண்ணெயில் சுட்டு நூற்றைம்பதுக்கு விற்கிறார். மூன்றையும் கூட்டினால் இருநூற்று அறுபது. அது தப்பு, ஒரே மல்லாட்டையை மூன்று தடவை எண்ணிவிட்டோம். இதுதான் இருமுறை கணக்கிடும் சிக்கல். கடைசிப் பண்டமான போண்டாவை மட்டும் எடுத்தால் நூற்றைம்பது. ஒவ்வொருவரும் கூட்டிய மதிப்பை மட்டும் எடுத்தால் நாற்பது, முப்பது, எண்பது, அதுவும் நூற்றைம்பது. மாவு, விறகு எல்லாம் எங்கே என்று கேட்காதீர்கள், பிள்ளைக்கு விளங்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்னதானம் கணக்கில் வருமா என்று அவள் கேட்டது நல்ல கேள்வி. கிரிவலப் பாதை நெடுகச் சாம்பார் சாதம் கொடுக்கிறார்கள். வாங்கிய அரிசியும் பருப்பும் கணக்கில் வரும், யாரோ காசு கொடுத்து வாங்கியவைதானே. ராத்திரி முழுக்கக் கரண்டி பிடித்தவர்களின் உழைப்பு வராது, அதற்குக் கூலி இல்லை. "எங்க அம்மா சமைக்கிறதும் வராதா?" வராது. அதே அம்மா முறுக்கு சுட்டு விற்றால் வரும். அவள் அதை அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அன்று ராத்திரி எனக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. பிள்ளைக்குப் படிப்பு சொல்லிக் கொடுக்கிறாயா, வீட்டில் கலகம் மூட்டுகிறாயா என்று.

பணம் பற்றிய பாடத்துக்குக் கோயில் வடக்குக் கோபுரத்துக்குப் போனோம். அம்மணி அம்மன் கோபுரம். செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்த ஒரு பெண், 18ஆம் நூற்றாண்டில், வீடு வீடாகக் கேட்டு வாங்கிக் கட்டிய கோபுரம் அது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. காசு தீர்ந்துபோன கட்டத்தில் அந்த அம்மா வேலையாட்களுக்கு விபூதியை அள்ளிக் கொடுத்தாராம். அவரவர் வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால், அவரவர் உழைத்த அளவுக்குக் கூலியாக மாறியிருந்ததாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பொருளியல் மாணவிக்கு வேண்டியது அதில் வேறு. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஒருவர் மறுநாளும் வேலைக்கு வந்தார் என்றால், கொடுத்தவர் மேல் நம்பிக்கை இருந்தது என்று அர்த்தம். எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை எதன் மேல் நிற்கிறதோ அது பணம். நம் பையிலிருக்கும் ஐந்நூறு ரூபாய்க் காகிதமும் அப்படித்தான் ஓடுகிறது, கொடுத்தவர் ரிசர்வ் வங்கி என்பதுதான் வித்தியாசம்.

ஃபிஷரின் 1911ஆம் வருஷத்துச் சமன்பாட்டில் வரும் சுழற்சி வேகத்தை விளக்கப் பௌர்ணமியைவிட நல்ல உதாரணம் கிடையாது. சாதாரண நாளில் ஒரு பத்து ரூபாய் மூன்று கை மாறினால் அதிகம். பௌர்ணமி ராத்திரி அது மக்களோடு சேர்ந்து பதினான்கு கிலோமீட்டரும் சுற்றிவிட்டு வருகிறது. ஆனால் ஒன்றில் எச்சரிக்கை. தீபத்துக்கு அறை வாடகை பல மடங்கு ஏறுவதைப் பணவீக்கம் என்று அவள் எழுதியிருந்தாள். அடித்துவிட்டேன். ஒரு பொருளின் விலை நாலு நாள் ஏறி இறங்குவது பணவீக்கம் ஆகாது. பொது விலைமட்டம் தொடர்ந்து ஏற வேண்டும். தவழும், நடக்கும், ஓடும், தாவும் என்று நான்கு வகை சொல்கிறோமே, அதெல்லாம் அந்த ஏற்றத்தின் வேகம். பத்திரிகைக்காரர்களே இதில் தடுமாறுகிறார்கள், பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது.

வருஷங்கள்தான் அவளுக்குத் தலைவலி. எது எந்த ஆண்டு என்று குழம்பிக்கொண்டே இருந்தாள். இதற்கு வழி கண்டுபிடித்தது நான் இல்லை, அவளே. கிரிவலப் பாதையில் எட்டு லிங்கம் இருக்கிறதே, ஒன்றுக்கு ஒரு ஆண்டைக் கட்டிவிட்டாள். இந்திர லிங்கத்தில் ரிசர்வ் வங்கி தொடங்கிய 1935. அக்னியில் பிரெட்டன் உட்ஸ் மாநாடு நடந்த 1944, போர் நெருப்பு எரிந்துகொண்டிருந்த வருஷம். எமலிங்கத்தில் ரிசர்வ் வங்கி அரசுடைமையான 1949. நிருதியில் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையான 1969. வருணன் மழைக்கு அதிபதி, அதனால் விவசாயத்துக்கான நபார்டு, 1982. வாயு எல்லை பார்க்காது, எனவே உலக வர்த்தக அமைப்பு, 1995. ஈசானியத்தில் நிதி ஆயோக், 2015. குபேர லிங்கத்தில் மட்டும் வரிசை மாறும். அங்கே 2017, ஜி.எஸ்.டி. ஏன் என்று கேட்டேன். "வரி குபேரன்கிட்டதானே மாமா போகணும்?" என்றாள். இதற்கு ஆடம் ஸ்மித் வரி விதிகளில்கூட இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு இரண்டு பேரும் நடந்தோம். ஒவ்வொரு லிங்கத்திலும் ஒரு நிமிஷம் நின்று அவள் அந்த ஆண்டைப் பற்றி நான்கு வரி சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நகரக் கூடாது என்பது ஒப்பந்தம். நிருதியில்தான் ரொம்ப நேரம் நின்றோம். பதினான்கு வங்கியோடு முடித்துவிட்டாள், 1980-இல் இன்னும் ஆறு வந்ததை விட்டுவிட்டாள். எங்களைப் பார்த்த ஒரு சாமியார், எந்த மந்திரம் என்று கேட்டார்.

பன்னாட்டு வாணிபத்துக்கு ஊரைவிட்டே போக வேண்டாம். ஆசிரமத்துப் பக்கம் குளிர்காலம் முழுக்க வெளிநாட்டுக்காரர்கள். ஒரு ஜெர்மன் அம்மா இங்கே தோசை சாப்பிட்டு, அறை வாடகை கொடுத்தால் அது இந்தியாவின் ஏற்றுமதி. தோசை ஊரைவிட்டு நகரவில்லை, ஆனாலும் ஏற்றுமதி. கண்ணுக்குப் புலப்படாத இனம் என்ற தலைப்பில், அயல்நாட்டுச் செலுத்துநிலையில் வரும். மல்லாட்டை என்ற நம் ஊர்ச் சொல்லே ஒரு வாணிப ஆவணம். தென் அமெரிக்காவில் பிறந்த கடலைக்கு மணிலாக் கொட்டை என்று பெயர் வந்து, தேய்ந்து மல்லாட்டை ஆனது. இந்த மாவட்டத்து மானாவாரி நிலமெல்லாம் இன்றைக்கு அதுதான்.

சுற்றுச்சூழல் பொருளியலை மட்டும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்த வருஷத் தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. எதிர்மறைப் புறவிளைவு என்ற சொல்லுக்கு அவள் உதாரணமாக எழுதியிருந்தது தொழிற்சாலைப் புகை, புத்தகத்தில் இருப்பது. அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசிப் பாடம் புள்ளியியல். பிள்ளைகள் இதைத்தான் ஒதுக்குகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் முடிக்க வேண்டியது இது. கணக்கு சரியாக வந்தால் முழு மதிப்பெண், திருத்துபவரின் மனநிலைக்கு அங்கே வேலையில்லை. திட்ட விலக்கத்துக்கு மறுபடியும் டீக்கடை. ஒன்பது நாள் தினம் 200 டீ, பௌர்ணமி அன்று 1,200 என்று வைத்துக்கொண்டோம். பத்து நாள் சராசரி 300. அண்ணன் எந்த நாளிலும் 300 டீ விற்றதில்லை என்பதைக் கவனியுங்கள். விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் ஒன்பது லட்சம், பத்தால் வகுத்தால் தொண்ணூறாயிரம், அதன் வர்க்கமூலம் 300. சராசரியும் 300, திட்ட விலக்கமும் 300. இந்தக் கணக்கை அண்ணனிடம் காட்டினோம். "அதான் தம்பி தண்டல் வாங்குறேன்," என்றார்.

அவள் அரையாண்டில் எடுத்தது 71. திருப்புதல் தேர்வில் 84. மார்ச்சில் என்ன வரும் என்று சொல்ல நான் ஜோசியக்காரன் இல்லை. அப்பா மட்டும் தினமும் அவளிடம் மறைமுக வேலையின்மை என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு தகவல். பழைய பொதுத் தேர்வு வினாத்தாள்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு ரூபாய், காசு இல்லாவிட்டால் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போகலாம். மைக்ரோ ஜெராக்ஸ் கேட்டு வராதீர்கள், போட்டுத் தர மாட்டேன். பௌர்ணமி அன்றும் வராதீர்கள். வாசலில் ஸ்டவ் இருக்கும்.